'ஒரு கிளாஸ் ஒயின்?' - வெளிநாட்டில் முதல் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போறீங்களா... இதைப் படிச்சுட்டுப் போங்க!

செப்டம்பரில் இரண்டு பெரிய சூட்கேஸோடு பிரிட்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் ஓடுவதே தெரியாது. கிளாஸ், அசைன்மென்ட், பார்ட் டைம் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனா ஒரு வாரத்துக்கான சாம்பார்... இப்படியே போய்விடும். டிசம்பர் மூன்றாவது வாரம்தான் திடீரென்று பிரேக் போட்ட மாதிரி எல்லாம் நிற்கும். கேம்பஸ் காலி. பக்கத்து ரூம் பையன் ஊருக்குப் போயிட்டான். ஹாஸ்டல் கிச்சனில் உங்க குக்கர் மட்டும்தான் விசில் அடிக்கும்.

அப்போதுதான் கூட வேலை பார்க்கிறவரோ, வீட்டு ஓனரோ, பேராசிரியரோ கேட்பார், "கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றியா?"

மனசு 'ஓகே' சொல்லிவிடும். அடுத்த நிமிடமே கேள்விகள் வரிசை கட்டும். அங்க ஒயின் வைப்பாங்களே... வேண்டாம்னு சொன்னா தப்பா எடுத்துப்பாங்களா? வாங்கி ஒரு சிப் குடிச்சா என்ன? சைவம் சாப்பிடுறவங்க ஒயின் குடிக்கலாமா? அம்மா வீடியோ கால்ல வந்துட்டா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த ஒரு நாள் ஏன் இவ்வளவு அமைதி?

நம்ம ஊரில் தீபாவளி அன்றைக்குத்தான் பஸ், ஆட்டோ, தியேட்டர், பிரியாணிக் கடை எல்லாம் இன்னும் பிஸி. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் அப்படியே தலைகீழ். டிசம்பர் 25 அன்று ரயில்கள் ஓடாது. லண்டன் சுரங்க ரயில் ஓடாது. லண்டன் சிவப்பு பஸ்ஸும் கிடையாது. 280 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் பெரிய கடைகளை அன்று திறக்கக் கூடாது என்று இங்கிலாந்து, வேல்ஸில் 2004-ம் ஆண்டு சட்டமே போட்டிருக்கிறார்கள். சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. லண்டனில் அன்று திறந்திருக்கும் மூலைக்கடை சிலவற்றில் கல்லாவில் இலங்கைத் தமிழர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பால், பிரெட், இரண்டு வார்த்தை தமிழ்... மூன்றும் கிடைக்கும்.

போதாக்குறைக்கு, சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடும்.

அன்றைக்குத் தனியாக ரூமில் இருப்பது சாதாரண லீவு நாளில் ரூமில் இருப்பது மாதிரி இல்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்திருக்க, நாம் மட்டும் வெளியே நிற்பது மாதிரி இருக்கும். அதைத் தெரிந்துதான் அந்த வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடுகிறார். அவர் தரும் பெரிய விஷயம் அந்த மேஜையில் ஒரு நாற்காலி. ஒயின் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை மனசில் வைத்துக்கொண்டால் பாதி டென்ஷன் குறைந்துவிடும்.

ஒரே வார்த்தை... ரெண்டு அர்த்தம்!

'ஒயின்' என்றதும் நம் வீட்டில் முகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்றால் சாராய வகை எல்லாம் விற்கும் கடை. போர்டில் ஒயின் இருந்தது. விற்றது பிராந்தியும் ரம்மும். 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும், 'ஒயின் ஷாப்' என்ற பெயர் பேச்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 'ஒயின்' என்றால் கண்முன் வருவது டின்னர் டேபிள் கிடையாது. ரோட்டோரம் விழுந்து கிடப்பவர், சம்பளத்தைத் தொலைத்த வீடு, ராத்திரி சண்டை... இதுதான். அந்தப் பயத்தை 'பழைய ஆளுங்க' என்று தள்ளிவிட முடியாது. நிறைய வீடுகளில் அது சொந்த அனுபவம்.

பிரிட்டிஷ் கிறிஸ்துமஸ் மேஜையில் ஒயின் வேறு வேலை செய்கிறது. ஒரே பாட்டில், பெரியவர் எழுந்து எல்லோர் கிளாஸிலும் ஊற்றுவார். நம்ம வீட்டு விருந்தில் இலைக்கு இலை வந்து 'இன்னும் கொஞ்சம் பாயசம்' என்று கேட்கிற மாதிரி. 'நீயும் எங்களில் ஒருத்தர்' என்று சொல்கிற உபசரிப்பு அது. பாயசம் வேண்டாம் என்றால் நாம் யாரையும் பந்தியில் இருந்து எழுப்பி விடுவதில்லை அல்லவா? அங்கேயும் அப்படித்தான்.

இதில் ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஊற்றுவது உபசரிப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஆல்கஹால். அழகான கிளாஸில் இருப்பதால் அது ஜூஸ் ஆகிவிடாது.

மேஜையில் என்னதான் நடக்கும்?

வீட்டுக்கு வீடு மாறும். ஆனாலும் பொதுவாக இப்படித்தான் இருக்கும்.

உள்ளே போனதும் 'மல்ட் ஒயின்' தரலாம். சிவப்பு ஒயினில் ஆரஞ்சு, பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டுச் சூடாக்கியது. வாசனை பிடித்தால் பிரியாணி மசாலா ஞாபகம் வரும். 'சூடு பண்ணிட்டாங்களே, ஆல்கஹால் போயிருக்கும்' என்று நினைக்காதீர்கள். லேசாகத்தான் சூடாக்குவார்கள், பெரும்பகுதி ஆல்கஹால் உள்ளேயே இருக்கும். இனிப்பாக, கதகதப்பாக இருப்பதால் இரண்டு கப் இறங்குவதே தெரியாது.

மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் சாப்பாடு. பெரும்பாலும் வான்கோழி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, காய்கள், கிரேவி. ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் மிட்டாய் மாதிரி சுற்றிய ஒரு பேப்பர் குழாய் இருக்கும். பெயர் 'கிராக்கர்'. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் 'டப்' என்று வெடிக்கும். உள்ளே ஒரு காகிதக் கிரீடம், ஒரு மொக்க ஜோக். 1840-களில் லண்டன் மிட்டாய்க்காரர் டாம் ஸ்மித் ஆரம்பித்து வைத்தது இது. கிரீடத்தைக் கூச்சப்படாமல் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது தாத்தாவும் வைத்திருப்பார்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கிளாஸைத் தூக்கி 'சியர்ஸ்' சொல்வார்கள். இதில்தான் நிறைய பேர் பதறுகிறார்கள். கிளாஸில் ஒயின்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. தண்ணீர், ஆரஞ்சு ஜூஸ், எது இருந்தாலும் தூக்கலாம். காலிக் கையோடு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே கொஞ்சம் விநோதமாகத் தெரியும்.

3 மணிக்கு டி.வி-யில் மன்னர் உரை. 1932-ல் ரேடியோவில் ஆரம்பித்த வழக்கம். சிலர் பயபக்தியோடு பார்ப்பார்கள், சிலர் அப்படியே சோபாவில் தூங்கிவிடுவார்கள். இரண்டுமே அங்கே சகஜம்.

இன்னொன்று... 'ஆன்ட்டி', 'அங்கிள்' அங்கே செட் ஆகாது. பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். முதல் பத்து நிமிடம் நாக்கு கூசும், பழகிவிடும்.

வேண்டாம்னா எப்படிச் சொல்றது?

மூன்று வார்த்தை போதும். "நோ தேங்க் யூ." அதோடு "ஜூஸ் இருந்தா குடுங்க" என்று கேட்டுவிடுங்கள். வெறும் 'வேண்டாம்' என்று நிறுத்தினால் வீட்டுக்காரர் என்ன தருவது என்று தவிப்பார். 'இது வேண்டாம், அது கொடுங்க' என்றால் அவருக்கு உபசரித்த திருப்தி, உங்களுக்கு நிம்மதி.

மதம், விரதம், மாத்திரை, அப்பாவின் குடியைப் பார்த்து வளர்ந்த ஞாபகம், சும்மா பிடிக்கவில்லை... காரணம் எதுவானாலும் அது உங்களுடையது. விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பொய்க் காரணமும் தேவையில்லை. 'ஆன்டிபயாடிக் சாப்பிடுறேன்' என்று ஒரு தடவை சொன்னால், அடுத்த விருந்தில் 'இப்போ சரியாயிடுச்சா?' என்று கேட்டுக்கொண்டே ஊற்ற வருவார்கள். 'நான் குடிக்கறதில்ல' என்றால் கதை அன்றைக்கே முடிந்தது.

குடிக்காமல் இருப்பது அங்கே அதிசயமும் இல்லை. ஜனவரி முழுக்க ஆல்கஹாலைத் தொடாமல் இருக்கும் 'டிரை ஜனவரி' பிரசாரம் பிரிட்டனில் 2013-ல் தொடங்கியது. இன்றைக்கு அது உலகம் முழுக்கப் பிரபலம். சூப்பர் மார்க்கெட்டில் ஆல்கஹால் இல்லாத ஒயினுக்கும் பீருக்கும் தனி அலமாரியே இருக்கிறது. ஆனால் துளிகூட ஆல்கஹால் கூடாது என்பவர்கள் அங்கே லேபிளைப் பார்க்க வேண்டும். 'ஆல்கஹால் ஃப்ரீ' என்று எழுதியிருக்கும் சில வெளிநாட்டுத் தயாரிப்புகளில் 0.5 சதவிகிதம் வரை இருக்கலாம். எல்டர்ஃபிளவர் சிரப்பில் சோடா கலந்த பானம் அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த பாதுகாப்பான சாய்ஸ்.

உண்மையைச் சொன்னால், அழுத்தம் பெரும்பாலும் அந்த வீட்டு மேஜையில் வராது. நம்ம பசங்க ஹாஸ்டலில் கூடும்போதுதான் வரும். "ஒரு சிப்தான மச்சான்", "லண்டன் வந்துட்டு இதுகூடவா", "வீட்டுக்குத் தெரியவா போகுது"... ஒரு வெள்ளைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவார். நண்பன் ஏழு முறை கேட்பான். அதற்கும் ஒரே பதில்தான், அதே குரலில், ஏழு முறை. எட்டாவது முறை அவனுக்கே போர் அடித்துவிடும். அதேபோல, நீங்கள் குடிக்கிறவர் என்றால் அந்த ஏழு முறை கேட்கும் நண்பனாக இருக்காதீர்கள்.

குடிக்கிறதா முடிவு பண்ணிட்டீங்களா? கணக்கு தெரிஞ்சுக்கோங்க

தமிழ்நாட்டில் 21 வயது ஆக வேண்டும். பிரிட்டனில் 18 வயதிலேயே வாங்கலாம். 25 வயதுக்குக் கீழே இருப்பது மாதிரி தெரிந்தால் கடையில் வயதுச் சான்று கேட்பார்கள். முடிவு உங்களுடையது. அந்த முடிவை பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. 'ஒரு கிளாஸ், அவ்வளவுதான்' என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்தால், மேஜையில் யோசிக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் ஆல்கஹாலை 'யூனிட்' கணக்கில் சொல்வார்கள். 10 மி.லி சுத்தமான ஆல்கஹால்தான் ஒரு யூனிட். ஒயினில் பெரும்பாலும் 12 முதல் 14 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கும். 13 சதவிகித ஒயினை வைத்துக் கணக்குப் போட்டால்,

* 125 மி.லி சின்ன கிளாஸ் - சுமார் 1.6 யூனிட்
* 175 மி.லி நடுத்தர கிளாஸ் - சுமார் 2.3 யூனிட்
* 250 மி.லி பெரிய கிளாஸ் - சுமார் 3.3 யூனிட்
* 750 மி.லி முழு பாட்டில் - சுமார் 10 யூனிட்

உடல் ஒரு யூனிட்டை வெளியேற்ற சுமாராக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதாவது இரண்டு பெரிய கிளாஸ் குடித்தால் ஆறரை மணி நேரம். காபி, குளிர்ந்த தண்ணீர்க் குளியல், வாந்தி எதுவும் இந்த நேரத்தைக் குறைக்காது. ஒரே அமர்வில் பெண்கள் 6 யூனிட், ஆண்கள் 8 யூனிட்டைத் தாண்டினால் அதை 'பின்ஜ் டிரிங்கிங்' என்று பிரிட்டன் சுகாதாரத்துறை சொல்கிறது. வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது 2016-ல் வந்த அவர்களது வழிகாட்டுதல். அதற்காக 14 யூனிட் வரை ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. 'ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை' என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

விருந்தில் இந்தக் கணக்கைக் குழப்பும் வில்லன், 'டாப் அப்'. கிளாஸ் பாதி ஆனதும் வீட்டுக்காரர் அன்போடு நிரப்பிவிடுவார். நாள் முழுக்க ஒரே கிளாஸைத்தான் கையில் வைத்திருப்பீர்கள். உள்ளே போனது மூன்றாக இருக்கும். கிளாஸை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசியுங்கள். நடுவில் நிரப்ப வந்தால் வாய் மேல் கையை வைத்து 'போதும்' என்று காட்டுங்கள். உங்கள் வாயில் இல்லை, கிளாஸ் வாயில்! ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவே ஒரு டம்ளர் தண்ணீர். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரை டப்பாவையும் ஞாபகம் வையுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். வயிற்றுப்போக்குக்கு நாம் எடுக்கும் மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது ஆல்கஹாலைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் கேட்டுவிடுங்கள்.

அன்று ரயில், பஸ் இல்லை என்று சொன்னோம் இல்லையா? திரும்பி எப்படிப் போவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 'நான் டிராப் பண்றேன்' என்று சொன்னவரும் குடித்திருக்கலாம். டாக்ஸி கிடைத்தாலும் அன்று விலை எகிறும். மறுநாள் 'பாக்ஸிங் டே' தள்ளுபடிக்காகக் கடையில் காலை ஷிஃப்ட் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

நண்பர்கள் கூடும் இடத்தில் யாராவது அளவுக்கு மீறிக் குடித்து, எழுப்பினால் எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாக இருக்கிறது, உடம்பு ஜில்லிட்டு உதடு நீலமாகிறது என்றால் 'தூங்கட்டும் விடு' என்று போய்விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 999-க்கு போன் செய்யுங்கள். பக்கத்திலேயே இருங்கள். 'விஷயம் வெளியே தெரிஞ்சிடுமே' என்ற பயத்தில் தாமதிப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

சைவமா? அப்போ லேபிளைத் திருப்பிப் பாருங்க!

இது நிறைய பேருக்கு ஷாக்கா இருக்கும். திராட்சையில் செய்த ஒயின் எல்லாமே சுத்த சைவம் கிடையாது. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் 'ஐசிங்கிளாஸ்' போன்றவற்றைச் சிலர் பயன்படுத்துவார்கள். கசடோடு சேர்த்து அவற்றை வடித்து எடுத்துவிடுவார்கள் என்றாலும், பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். முட்டை, பால் மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். இப்படித் தெளிய வைக்கப் பயன்படும் ஐசிங்கிளாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சைவர்கள் பாட்டிலின் பின்பக்கம் 'வீகன்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் வழி.

தட்டிலும் இதே கதை. உருளைக்கிழங்கு ரோஸ்ட் வாத்துக் கொழுப்பில் வறுபட்டதாக இருக்கலாம். கிரேவி வான்கோழிச் சாற்றில் செய்தது. கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் 'மின்ஸ் பை'யிலும் 'சூயட்' என்ற மாட்டுக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது தாவர எண்ணெயில் செய்த சூயட்டும் உண்டு. புட்டிங் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவார்கள். நெருப்பு அணைந்த பிறகும் கொஞ்சம் ஆல்கஹால் மிச்சம் இருக்கும். 'ட்ரைஃபிள்' என்ற அழகான இனிப்பில் ஷெர்ரி ஒயின் ஒளிந்திருக்கும். கிளாஸில் வேண்டாம் என்று சொன்னவர் கிண்ணத்தில் சாப்பிட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அங்கே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லோருக்கும் சங்கடம். அழைப்பு வந்த அன்றே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். 'நான் இறைச்சி சாப்பிட மாட்டேன்', 'மாட்டிறைச்சி, பன்றி வேண்டாம்', 'ஆல்கஹால் கலந்தது வேண்டாம்'. அங்கே இது ரொம்ப சாதாரணமான கேள்வி. பல வீடுகளில் அவர்களே முதலில் கேட்டுவிடுவார்கள். சைவர்களுக்காகக் கொட்டைகள், காய்கள் வைத்துச் சுடும் 'நட் ரோஸ்ட்' தயாராக இருக்கும்.

வெறுங்கையோடு போகலாமா?

கூடாது. பாட்டில் ஒன்று எடுத்துப் போவது அங்கே வழக்கம்தான். ஆனால் குடிக்காதவர் ஒயின் வாங்கிப் போகணும்னு இல்லை. நல்ல சாக்லேட் பாக்ஸ், பூங்கொத்து போதும். ஊரிலிருந்து வந்த முறுக்கோ, மைசூர்பாகோ இருந்தால் அதற்கு ஈடே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். முந்திரி, கடலை அலர்ஜி அங்கே சீரியஸான விஷயம்.

வீடியோ காலும் ஸ்டேட்டஸும்

டிசம்பரில் பிரிட்டனைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே மதியம் 3 மணி என்றால் வீட்டில் ராத்திரி 8.30. அதாவது, நீங்கள் விருந்து மேஜையில் இருக்கும்போதுதான் "சாப்ட்டியா கண்ணு?" என்று அம்மாவின் கால் வரும். காலையிலேயே பேசிவிட்டால், 'இன்னிக்கு ஒரு வீட்டுல கூப்பிட்டிருக்காங்க, அங்க இருப்பேன்' என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம்.

ஒயின் பற்றி வீட்டில் சொல்வதா, வேண்டாமா என்பது ஒவ்வொருவரின் வீட்டைப் பொறுத்தது. ஆனால் அவர்கள் அதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பது முக்கியம். யாரோ போட்ட ஸ்டோரியில், சித்தப்பா பையன் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில், ஃபேமிலி குரூப்பில் பார்ப்பதைவிட, உங்கள் வாயால் கேட்பது மேல். 'அங்க சாப்பாட்டோட ஒயின் வைக்கறாங்கம்மா. நான் எடுத்துக்கல' அல்லது 'கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், பயப்படாத' என்று நேராகச் சொன்னால் திட்டு விழலாம். ஆனால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

இன்னொரு விஷயம், மற்றவர்களின் போட்டோ. பக்கத்தில் இருக்கும் தோழியின் கையில் கிளாஸ் இருந்தால், கேட்காமல் அப்லோட் பண்ணாதீங்க. உங்களுக்கு அது ஜாலி போஸ்ட். அவங்க வீட்டில் அது பெரிய பஞ்சாயத்து ஆகலாம், படிப்பையே நிறுத்தச் சொல்லலாம்.

அழைப்பே வரலைன்னா?

எல்லோருக்கும் வராது. அது உங்கள் குறையும் இல்லை. ஊருக்குப் போகாத மாணவர்களுக்காகப் பல பல்கலைக்கழகங்களும் சர்ச்சுகளும் கிறிஸ்துமஸ் மதிய விருந்து நடத்துகின்றன. மதம் பார்க்க மாட்டார்கள். முன்பதிவு தேவைப்படலாம் என்பதால் டிசம்பர் தொடக்கத்திலேயே மெயிலைப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் நீங்களே அந்த வீட்டுக்காரர் ஆகிவிடுங்கள். ஹாஸ்டலில் மிச்சம் இருக்கும் நைஜீரியப் பெண், சீனப் பையன், கேரளா சேட்டன் எல்லோரையும் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு டிஷ். 24-ம் தேதி மதியத்துக்குள் அரிசி, சிக்கன், வெங்காயம் எல்லாம் வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் பெரிய கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்துவிடும். மேஜையில் ஒயின் வைப்பதாக இருந்தால், பக்கத்திலேயே ஜூஸும் சோடாவும் அதே மாதிரி கிளாஸில் வையுங்கள். யார் எதை எடுத்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம்.

விருந்துக்குப் போய் வந்தவர்கள் மறுநாள் ஒரு 'தேங்க் யூ' மெசேஜ் போட மறந்துடாதீங்க. அங்கே அதை ரொம்ப எதிர்பார்ப்பார்கள். கூடவே, 'பொங்கலுக்கு எங்க ரூமுக்கு வாங்க' என்று ஒரு வரி சேர்த்துக்கோங்க. அன்றைக்கு ஊற்றுவது உங்கள் முறை... ஃபில்டர் காபி!